களைத்துப்போன தையற்காரியா?

பெண்கள் உணர்ச்சியால் பொங்குவார்கள், பொங்கியதை ஒழுங்குபடுத்தி இயக்கமாக நடத்துவது ஆண்களின் புத்தி என்னும் அபிப்பிராயம் படித்தவர் மத்தியிலும் வேரோடிக் கிடக்கிறது. அதற்கு அத்தாட்சியாக அவர்கள் காட்டுவது, அமெரிக்காவின் அலபாமா மாகாணத்து மாண்ட்கோமரி நகரிலே, வேலை முடிந்து களைத்து வந்த ரோசா பார்க்ஸ் என்ற தையற்காரி, பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட மனமின்றி உட்கார்ந்துவிட்டார் என்றும், அந்தப் பொறியை மார்ட்டின் லூதர் கிங் பெருந்தீயாக வளர்த்தார் என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் கதையைத்தான். அதை நான் பெருங்களவு என்றே சொல்வேன்.

1955 டிசம்பர் 1-ஆம் தேதி கைதான பார்க்ஸ் அம்மையார், கறுப்பினத்தாரின் உரிமைச் சங்கத்து உள்ளூர்க் கிளைக்கு 1943-இலேயே காரியதரிசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அன்று தம் உடலில் அசதி இல்லை, பணிந்து பணிந்து போவதில்தான் சலித்துவிட்டது என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

களவு அவரோடு நிற்கவில்லை. அந்நகரில் 1946 முதல் மாதர் அரசியல் கழகம் ஒன்று இருந்தது. அதன் தலைவி ஜோ ஆன் ராபின்சன், கறுப்பினத்தார் கல்லூரியில் ஆங்கில ஆசிரியை. 1949-இல், ஏறக்குறைய காலியாயிருந்த பஸ்ஸில் முன்பக்கம் உட்கார்ந்த குற்றத்துக்காக டிரைவரால் விரட்டப்பட்டு, அழுதுகொண்டே இறங்கியவர். அழுதவர் ஐந்தாண்டு கழித்து, 1954 மே 21-ஆம் தேதி, மேயருக்குக் கடிதம் எழுதினார்: பிரயாணிகளில் முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தார், அவர்கள் ஏறாவிட்டால் பஸ் ஓடாது, பகிஷ்காரத்தைப் பற்றிச் சங்கங்கள் பல யோசித்து வருகின்றன என்று. பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே வருமானக் கணக்குப் பார்த்து விடுத்த இவ்வெச்சரிக்கையில் உணர்ச்சிப் பொங்கல் எங்கே இருக்கிறது?

கைதுச் செய்தி வந்த இரவில், ராபின்சன் ஒரு சக ஆசிரியரோடும் இரண்டு மாணவர்களோடும் கல்லூரி சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் பல்லாயிரம் துண்டுப் பிரசுரங்களை உருட்டியெடுத்து, எந்தத் தெருவுக்கு யார் கொண்டுபோவது என்று விடிவதற்குள் வகுத்து, காலை எட்டு மணிக்குத் தம் வகுப்பையும் எடுத்துவிட்டு, விநியோகிக்கப் புறப்பட்டார். திங்கட்கிழமை பஸ் ஏறாதீர்கள் என்ற சேதி ஊரெங்கும் பரவிய பின்னரே, அந்தத் திங்களன்று, இருபத்தாறு வயதுக் கிங் பகிஷ்கார இயக்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய வாக்கின் வன்மையையும், பகிஷ்காரம் நீடித்த 381 நாளும் ஜனங்களை ஒன்றாய்க் கட்டிவைத்த அவர் பொறுமையையும் யாரே மறுப்பார்? ராபின்சன் முன்னே வராததற்கும் காரணமுண்டு: கல்லூரி மாகாண அரசின் பணத்தில் நடந்தது. அஞ்சி ஒதுங்கியவரல்லர், பிறர் பிழைப்பையும் எண்ணி மறைந்து வேலை செய்தவர்; அந்த மறைவையே இல்லாமையாகக் கொண்டவர்கள் நாம்.

பஸ்ஸில் இனப் பாகுபாடு செல்லாதென்று 1956 நவம்பரில் உச்ச நியாயஸ்தலம் உறுதிசெய்த வழக்கிலும் வாதிகளாக நின்ற நால்வரும் பெண்களே. அவர்களில் க்ளாடெட் கோல்வின், பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்னதாகவே, பதினைந்து வயதில், இடம்விட மறுத்துக் கைதான பள்ளிச் சிறுமி.

அந்தப் பகிஷ்காரத்தின் செலவுக்குச் சமையற்காரி ஜார்ஜியா கில்மோர் பெண்களைச் சேர்த்து, கேக்கும் சாப்பாடும் செய்து விற்றுப் பணம் திரட்டினார். கொடுத்தவள் பெயர் தெரிந்தால் அவள் வேலை போய்விடும். ஆகையால், பணம் எங்கிருந்து வந்ததென்று எவர் கேட்டாலும் 'எங்கிருந்தும் இல்லை' என்று சொல்வதற்கு வசதியாக அந்தக் கூட்டத்துக்கே அவ்வாறு பெயர் வைத்தார்கள். கேட்டவர் வெள்ளை எஜமானராயிருந்த காலத்தில் அந்த மறுமொழி தகும். இத்தனை ஆண்டு கழித்து நம் பிள்ளைகள் கேட்கும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருப்பதா?