ஒட்டுண்ணியின் மரபணுவும் வயலில் இல்லாத கக்கூஸும்



போன கூட்டத்தில் கோடைகாலத்து வயிற்றுப்போக்கைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு தோழர், "இப்பெல்லாம் ஜீனை வச்சே எந்தத் தோட்டத்துலேர்ந்து வந்ததுன்னு கண்டுபிடிச்சிடறாங்க, இனிமே கவலை இல்ல" என்றார். பாதி சரி. மீதிப் பாதிக்காக இந்த மடல்.

அவர் சொன்னது சைக்ளோஸ்போரா என்ற ஒட்டுண்ணியை. கண்ணுக்குத் தெரியாது. கொத்தமல்லி, துளசி, ராஸ்பெர்ரி, பையில் அடைத்து விற்கும் சாலட் கீரை என்று பச்சையாகத் தின்னும் பொருளில் ஒட்டிக்கொண்டு வரும். வந்தால் வாரக்கணக்கில் பேதி, ஆளை அடித்துப்போடும் சோர்வு. இதை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க முடியாது. அதனால் சால்மொனெல்லா மாதிரி பாக்டீரியாக்களை வளர்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி இங்கே எடுபடாது. நோயாளியின் மலத்திலிருந்தே மரபணுவைப் பிரித்து, அதில் எட்டு இடங்களை மட்டும் படித்து, யாருடையது யாருடையதோடு ஒத்துப்போகிறது என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் கணக்குப் போடுகிறது. வெவ்வேறு மாநிலத்தில் படுத்துக்கிடக்கும் இரண்டு பேர் ஒரே மூலத்திலிருந்து நோய் வாங்கியிருக்கலாம் என்று அதில் தெரியவரும். நல்ல வேலைதான், நான் குறை சொல்லவில்லை.

ஆனால் எட்டு இடத்தையும் படிப்பதற்கு முன்பே இந்த ஒட்டுண்ணி ஒன்றைச் சொல்லிவிடுகிறது. இது தங்கி வளர்வதாக நமக்குத் தெரிந்த ஒரே உடம்பு மனித உடம்பு. மலத்தோடு வெளியே வந்தவுடன் இது தொற்றாது; வெளியே ஒன்றிரண்டு வாரம் கிடந்து முற்றினால்தான் தொற்றும். அப்படியானால் உங்கள் தட்டில் அது இருக்கிறது என்றால், எங்கோ ஒரு வயலிலோ வாய்க்காலிலோ மனித மலம் கலந்திருக்கிறது. அங்கே வேலை செய்தவருக்கு ஒதுங்க இடம் இருந்ததா, அந்த ஊரின் சாக்கடை எங்கே போய் விழுகிறது என்று கேட்டாக வேண்டும்.

1996-ல் இந்த மரபணு வழி கிடையாது. அமெரிக்காவில் 20 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும், கனடாவில் நம்ம ஒன்டாரியோ உள்பட இரண்டு மாகாணங்களிலும் 1,465 பேருக்கு நோய் வந்தது. முதலில் பழி விழுந்தது கலிபோர்னியா ஸ்ட்ராபெர்ரி மேல். பிறகுதான் குவாத்தமாலா ராஸ்பெர்ரி என்று தெரிந்தது. அதற்குள் ஸ்ட்ராபெர்ரி விற்பனை படுத்துவிட்டது. சரியான ஆளைப் பிடிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

2015-ல் மெக்சிகோவின் புவெப்லா மாநிலத்துக் கொத்தமல்லிக்கு ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அமெரிக்கா கதவைச் சாத்தியது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் 11 பண்ணைகளையும் பொதியிடும் கூடங்களையும் பார்த்தார்கள். எட்டில் நிலைமை மோசம். சில இடங்களில் வயலிலேயே மலமும் கழிப்பறைத் தாளும் கிடந்தன. கக்கூஸ் போதவில்லை, அல்லது இல்லவே இல்லை. ஒழுங்காக நடத்துவதாக நிரூபித்த நிறுவனங்களுக்கு விலக்கு கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தடை என்பது சரக்கு மீது விழுகிற அடி. விலை இறங்கினால் முதலில் கூலி குறையும், கக்கூஸ் கட்டுவது அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும்.

இதோடு 2020-ஐ வைத்துப் பாருங்கள். பை சாலட்டால் அமெரிக்காவில் 701 பேருக்கு நோய். புளோரிடாவில் போர்ட் செயின்ட் லூசிக்கு மேற்கே, சந்தேகத்துக்குரிய பண்ணை ஒன்றின் பக்கத்துக் கால்வாயில் சைக்ளோஸ்போரா கிடைத்தது. அது நோயாளிகளிடம் இருந்ததோடு ஒத்துப்போகிறதா என்று கேட்டால், மரபணு முறை இன்னும் வளர்ந்து வருகிறது, உறுதியாகச் சொல்ல முடியாது என்று அறிக்கை முடிந்தது. அறிவியல் ரீதியாக நேர்மையான பதில். ஆனால் அந்த "உறுதியாகச் சொல்ல முடியாது" என்ற சலுகை எந்தெந்த நாட்டு வயலுக்குக் கிடைக்கும் என்பதை அறிவியல் முடிவு செய்வதில்லை.

இனி யாருமே தேடாத இடத்துக்கு வருகிறேன். என் அம்மா வழிச் சொந்தம் இன்றும் ரங்கூனுக்கு வடக்கே மாவ்பியில் இருக்கிறது. வட்டிக்கடை வழி வந்தவர்கள் இல்லை, அறுவடைக் கூலிக்குக் கப்பல் ஏறியவர்கள். 1964-ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டு கப்பல் கப்பலாக ஆட்கள் கிளம்பியபோது, கிளம்ப வழியில்லாமல் தங்கியவர்கள். இப்போது கீரை போடுகிறார்கள், வல்லாரையும் உண்டு. நாம் துவையல் அரைப்பதை அங்கே பச்சையாக நறுக்கி வெங்காயம், வேர்க்கடலை போட்டுப் பிசைவார்கள். (சென்னை பர்மா பஜாரில் 'அத்தோ' என்று விற்கிறார்களே, அந்தப் பேரே இந்தப் பிசைந்த வகைகளுக்கான பர்மியச் சொல்தான்.) நிலம் குத்தகை. குத்தகை நிலத்தில் யார் கக்கூஸ் கட்டுவார்கள்?

அந்தப் பக்கத்துப் பெரிய கவலை வேறொரு ஒட்டுண்ணி: ஒபிஸ்தார்கிஸ் விவெரினி என்ற கல்லீரல் புழு. மலத்தோடு தண்ணீருக்குப் போய், நத்தைக்குள் புகுந்து, கெண்டை இனத்து மீனில் ஏறி, வேகாத மீன் வழியாக மனிதனுக்குத் திரும்புகிறது. பித்தநாளப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-லேயே முதல் பட்டியலில் சேர்த்தது. தாய்லாந்தின் வடகிழக்கில் இதைப் பற்றி எத்தனையோ ஆண்டுகளாக ஆராய்ச்சி நடக்கிறது. கீழ்பர்மா மக்களிடம் இந்தப் புழு இருப்பதை மரபணு வழியாக உறுதி செய்த முதல் ஆய்வு வெளிவந்ததோ 2017-ல்தான். 2019-ல் ரங்கூன் ஆய்வு ஒன்று வந்தது: பரிசோதித்தவர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே முட்டை, ஆனால் நன்னீர் மீனில் புழுவின் குஞ்சு இருந்தது. பரவல் குறைவு, சுழற்சி உயிரோடிருக்கிறது. பிராசிகுவான்டல் மாத்திரைக்கே மடங்குகிற கட்டத்தில் நோய் இருக்கிறது, இதுதான் ஆள் அனுப்ப வேண்டிய நேரம். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது; டாக்டர்களும் நர்சுகளும் வேலையை விட்டு வெளியேறி எதிர்த்தார்கள், பலர் சிறைக்குப் போனார்கள். மலம் சேகரிக்க யார் கிராமத்துக்குப் போவது?

இதையெல்லாம் அத்தைக்குப் போனில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏம்ப்பா, அங்க உள்ளவனுக்கு வயித்தால போனா நாடு நாடா தேடிப்போறானுவ. எங்களுக்குப் போனா ஒரு மாத்திரை குடுக்க ஆளு இல்ல. அப்புறம் எங்க பூச்சிக்கு என்ன பேரா இருந்தா என்ன?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பணக்கார நாடும் கண்ணை மூடிக்கொள்ளத் தொடங்கிவிட்டது. 2025 ஜூலையில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம், உணவு நோய்களைத் தேடிப்பிடிக்கும் தன் வலையமைப்பில் கட்டாயமாகக் கண்காணிக்க வேண்டியவற்றை எட்டிலிருந்து இரண்டாகக் குறைத்தது. வெளியே போனவற்றில் சைக்ளோஸ்போராவும் ஒன்று. அதைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி வந்திருக்கும் கடிதத்தில் நம் குழு கையெழுத்துப் போட வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் இரண்டு வரி சேர்த்துத்தான். ஒன்று, மூலம் தெரிந்ததும் சரக்கை நிறுத்துவதோடு அந்த வயலில் கழிப்பறையும் கைகழுவும் தண்ணீரும் வைக்கும் செலவை வாங்கி விற்கும் நிறுவனம் ஏற்க வேண்டும். ஒன்டாரியோவில் பருவக் கூலிக்கு மெக்சிகோவிலிருந்து வருகிறவர்களின் வயலுக்கும் இது பொருந்தும். இரண்டாவது, ஒரு கிராமத்தின் மலத்திலிருந்து எடுத்த மரபணு பொதுத் தரவுத்தளத்தில் ஏறுவதற்கு முன், முடிவு அந்தக் கிராமத்துக்கு அவர்கள் மொழியில் போய்ச் சேர வேண்டும், மாத்திரையோடு. கடிதத்தின் வரைவு என்னிடம் இருக்கிறது. வெட்டித் திருத்த விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.