தாத்தாவின் வாட்சுக்குப் புது முகம்

'பழுதுபார்க்கும் உரிமை' என்ற பேச்சு மறுபடியும் அடிபடுகிறது. நல்லதுதான். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதற்கென ஒரு குழு அமைத்து, வேளாண் கருவிகள், செல்போன்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் இதற்கான இணையதளமும் வந்தது. ஆனால் இந்த வார எரிச்சல் வேறு இடத்தில். உரிமையை யாரிடமும் கேட்டு வாங்க வேண்டாத ஒரு பொருள் நம் வீட்டு பீரோக்களில் கிடக்கிறது: சாவி கொடுத்து ஓடும் பழைய கைக்கடிகாரம். அதைத் திறக்கவிடாமல் தடுக்க எந்த நிறுவனத்தின் சாஃப்ட்வேர் பூட்டும் இல்லை. அந்த உரிமையை நம் ஆட்கள் கொண்டாடுகிற லட்சணம்தான் தாங்கவில்லை. 'தாத்தா வாட்சை வீட்டிலேயே சரிசெய்யலாம்' வகை வீடியோக்களில் பேனாக்கத்தியால் பின்மூடியை நெம்புகிறார்கள், தையல் மெஷின் எண்ணெயை ஒரு சொட்டு விடுகிறார்கள், மூடுகிறார்கள். ஓடுகிறது. கைதட்டல்.

அந்த ஒரு சொட்டு என்ன செய்யும் என்று பார்ப்போம். எச்.எம்.டி. ஜனதாவையே எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1961இல் பெங்களூரில் எச்.எம்.டி. தயாரிக்கத் தொடங்கிய வாட்சுகள், மாப்பிள்ளை மோதிரத்துக்குப் பக்கத்திலேயே இடம்பிடித்தவை. ஜனதாவுக்குள் உராய்வைக் குறைக்கும் 17 கற்கள். அதன் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 18,000 முறை, அதாவது ஒரு நாளில் 4,32,000 முறை துடிக்கிறது. அதற்கு வேண்டிய எண்ணெயை ஊசி முனையில் தொட்டு, தேவையான கற்களுக்கு மட்டும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் வைப்பார்கள். துடிப்பைச் சக்கரத்துக்குக் கடத்தும் பேலட் முள்ளின் அச்சுக்குப் பொதுவாக எண்ணெயே கிடையாது. மயிரிழை போன்ற ஹேர்ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, நீளம் குறைந்ததுபோல் ஆகி, வாட்ச் தலைதெறிக்க ஓடும். நின்றுபோன வாட்சில் பெரும்பாலும் நடந்திருப்பது பழைய எண்ணெய் காய்ந்து பிசினானதுதான். அதைக் கழுவி எடுக்காமல் மேலே புது எண்ணெயை விட்டால், அழுக்கு கரைந்து அச்சுகளை அரைக்கும் சாந்தாகிறது. வீடியோ முடிந்தபிறகு நடப்பது இது.

எண்ணெயையாவது கழுவிவிடலாம். இந்தப் பத்தியின் நிரந்தரப் பகையாளி ரீடயல். தாத்தாவின் வாட்ச் முகம் மஞ்சளடித்துவிட்டது என்று பழைய டயலைச் சுரண்டி, கிளிப்பச்சையோ மயில்நீலமோ பூசி, எச்.எம்.டி. எழுத்தைக் கோணலாக அச்சடித்துக் கொடுக்கிறார்கள். தொழிற்சாலை கனவிலும் கண்டிராத நிறங்கள். சேகரிப்பாளர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்று கேலி செய்யும் இந்தச் சரக்கு 'விண்டேஜ்' விலைக்கு விற்கிறது. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. இன்று கிடைக்கும் உதிரிகளில் பெரும்பகுதி வேறொரு பழைய வாட்சின் வயிற்றிலிருந்து பிடுங்கியவை. சுரண்டிய டயல் ஒவ்வொன்றும் கணக்கிலிருந்து ஒன்று குறைந்ததுதான்.

'அப்படியானால் வாட்சைத் தொடவே கூடாதா, கடைக்காரரிடம்தான் கொடுக்க வேண்டுமா' என்று கேட்பீர்கள். இல்லை. இங்கே ரூபர்ட் கூல்டை அழைத்துவர வேண்டியிருக்கிறது. டாவா சோபெலின் 'லாங்கிட்யூட்' புத்தகத்தில் வருபவர். வழக்கமாக அதிலிருந்து எடுப்பது ஜான் ஹாரிசனை. 18ஆம் நூற்றாண்டில், நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கணிக்க உதவும் கடிகாரங்களைச் செய்த தச்சர். இந்த வாரம் ஹாரிசன் வேண்டாம். அவரைத் தூசியிலிருந்து மீட்டவர் போதும். கூல்டு பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. 1914இல் போர் தொடங்கிய நேரத்தில் மனநலம் குலைந்து, கடற்பணியிலிருந்து நீரியல் துறை அலுவலகத்துக்கு வந்தவர். கடிகாரத் தொழில் பயிற்சி துளியும் கிடையாது. 1920இல் கிரீனிச் வானாய்வகத்தில் ஹாரிசனின் கடிகாரங்கள் நான்கும் களிம்பேறிக் கிடப்பதைக் கண்டு, சரிசெய்ய அனுமதி கேட்டார். வானாய்வகத் தலைவர் ஃபிராங்க் டைசன் கொடுத்தார். சுமார் 34 கிலோ எடையுள்ள முதல் கடிகாரத்தைக் கூல்டு தொட்டபோது கையில் இருந்தது தொப்பி துடைக்கும் சாதாரண பிரஷ். அதில் உதிர்ந்த அழுக்கும் களிம்பும் மட்டும் இரண்டு அவுன்ஸ், ஏறத்தாழ 57 கிராம். மூன்றாவது கடிகாரம் மட்டும் ஏழு ஆண்டுகளை விழுங்கியது. 1933 வாக்கில் வேலை முடிந்தபோது 18 நோட்டுகள் நிரம்பியிருந்தன. எந்தப் பாகம் எங்கே எப்படி இருந்தது என்று வண்ண மையில் வரைந்த படங்களும் குறிப்புகளும்.

கூல்டை வைத்து நம் அமெச்சூர்களை நியாயப்படுத்துவது அபத்தம் என்பார்கள். அவர் அபூர்வப் பிறவி, கடிகாரமும் பெரியது, கைக்கடிகாரத்தின் திருகாணி கீழே விழுந்தால் தேடியெடுப்பதே பெரும்பாடு. உண்மைதான். அவர் செய்ததும் குறையற்றது அல்ல. தொலைந்துபோன பாகங்களுக்குத் தாமே ஊகித்துப் புதிது செய்தார், இன்றைய பாதுகாப்பு வல்லுநர்கள் அவ்வளவு தைரியமாகக் கைவைக்க மாட்டார்கள். ஆனால் எது ஹாரிசன் செய்தது, எது கூல்டு செய்தது என்று பிரித்தறிய உதவுவது அந்த நோட்டுகள். இரவல் வாங்க வேண்டியது அவருடைய மேதைமையை அல்ல, குறித்துவைக்கும் இந்தப் பழக்கத்தைத்தான். நம் ஊர் கண்ணாடிப் பெட்டி வாட்ச் கடைக்காரர்களுக்கும் இது தெரிந்திருந்தது. பழைய வாட்சின் பின்மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உட்புறத்தில் ஊசியால் கீறிய பொடி எண்களும் எழுத்துகளும் சில சமயம் தென்படும். எப்போது, யார் பார்த்தார்கள் என்பதற்கு அவர்கள் வைத்த கணக்கு. இப்போது அந்தக் கடைகளில் பல பேட்டரியும் ஸ்ட்ராப்பும் மாற்றியே பிழைக்கின்றன. ஹேர்ஸ்பிரிங்கை நிமிர்த்தத் தெரிந்தவர் உங்கள் ஊரில் இருந்தால் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.

'தாத்தா இருந்தால் பளபளவென்றுதான் கேட்பார்' என்பது அடுத்த வாதம். இருக்கலாம். பளபளப்புக்கு வழி இருக்கிறதே. பிளாஸ்டிக் கண்ணாடியின் கீறலைப் பற்பசை போட்டுத் துடைத்தே பெரும்பாலும் போக்கலாம். போகாவிட்டால் கண்ணாடியை மாற்றலாம், ஸ்ட்ராப்பை மாற்றலாம், தளர்ந்த மெயின்ஸ்பிரிங்கையும் மாற்றலாம். தேயவென்றே செய்தவை அவை. டயல் அப்படியல்ல, சுரண்டினால் போனதுதான்.

ஆக, வீட்டில் திறக்கப்போகிறவர்களுக்கு: முதலில் ஒன்றுக்கும் உதவாத வாட்ச் ஒன்றில் பழகுங்கள். சக்கரங்களைத் தொடுவதற்கு முன் மெயின்ஸ்பிரிங்கின் விசையை மெல்ல இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பேலட் முள்ளைக் கழற்றியதும் சக்கரங்கள் பிய்த்துக்கொண்டு சுழன்று பல்லோ அச்சோ முறியும். 1970களுக்கு முந்தைய வெளிநாட்டு வாட்சில் ஒளிரும் எண்கள் இருந்தால் திறக்கவே வேண்டாம், அது ரேடியமாக இருக்கலாம். ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு மங்காது. ஒவ்வொரு திருகாணிக்கும் முன்பு ஒரு படம் எடுங்கள். மாற்றிய பழைய உதிரிகளை ஒரு கவரில் போட்டு, தேதியும் செய்த வேலையும் எழுதி வாட்சோடு வையுங்கள். கிளிப்பச்சை முகம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் தாத்தாவை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஓசூரில் நன்றாகவே செய்கிறார்கள்.