விலைக்கு வெயில்!

ஆஸ்திரேலியாவில் வெயிலுக்கா பஞ்சம்? தோல் புற்றுநோய் மிகுந்த நாடு என்ற கெட்ட பெயரே அதற்கு உண்டு. அந்த நாட்டில், ஆளைப் பெட்டிக்குள் படுக்கவைத்து, புற ஊதாக் கதிர் வீசும் மின்குழல்களால் வெள்ளை மேனியைப் பழுப்பாக்கித் தருகிறோமென்று காசு வாங்கிய கடைகள் நடந்தன என்றால் நம்ப முடிகிறதா? நடந்தன! 'சொலேரியம்' என்று பெயரும் சூட்டியிருந்தார்கள்.

மெல்போர்ன் நகரத்து இளம் பெண் கிளேர் ஆலிவர், 2007-ஆம் ஆண்டில், மெலனோமா எனும் கொடிய தோல் புற்றுநோய்க்குப் பலியானார். வயது 26. சாவு தலைமாட்டில் நின்ற நாட்களிலும் அவர் ஓய்ந்துவிடவில்லை. அந்தப் பெட்டிகளை நாடாதீர் என்று நாடறியச் சொல்லிவிட்டே கண் மூடினார்.

பழுப்பு நிறம் ஆரோக்கியத்தின் அடையாளம் என்கிறான் கடைக்காரன். உண்மை என்ன? கதிர் பட்டுத் தோலின் உயிரணுக்கள் பழுதுபடுகின்றன. மேலும் பழுதாகாமல் காத்துக்கொள்ளத் தோல் நிறமியைச் சுரக்கிறது. காயத்தின் தழும்பைக் காட்டி அழகு என்று விலை பேசுவதற்கு ஒப்பானது இது. (இங்கே சிவப்பழகுக் களிம்பு விற்பவனும் அங்கே பழுப்பழகுப் பெட்டி விற்பவனும் ஒரே பள்ளியில் படித்தவர்கள் போலும்!)

உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 2009-ல் இப்பெட்டிகளைப் புற்றுநோய் விளைவிப்பவை என்று ஐயத்துக்கிடமின்றி அறிவித்து, புகையிலையும் கல்நாரும் இருக்கும் அதே முதல் வரிசையில் வைத்தது. 30 வயதாகுமுன் இப்பழக்கத்தைத் தொடங்குவோருக்கு மெலனோமா வரும் அபாயம் 75 விழுக்காடு கூடுகிறது என்றும் கூறிற்று. இளம் பெண்களைக் குறிவைத்து நடக்கும் வாணிபத்தில் இந்தக் கணக்கின் பொருள் என்ன என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

வணிகர்கள் வாளாவிருந்தனரா? அமெரிக்காவில் அவர்களது சங்கம், பெட்டி ஆபத்தற்றது, வைட்டமின் 'டி' தருவது என்று விளம்பரம் செய்தது. அது பொய் என்று கூட்டாட்சி வாணிப ஆணையம் குற்றஞ்சாட்டவே, 2010-ல் அவ்விளம்பரங்களைக் கைவிட உடன்பட்டது.

"வயது வந்தவர் விருப்பம், அரசுக்கென்ன வேலை?" என்று கேட்போர் உண்டு. நாமும் தனிமனித உரிமையை மதிப்பவர்களே. ஆனால் ஆபத்தை மறைத்து விற்பவன், வாங்குபவனின் உரிமையைப் பற்றிப் பேசலாமா? இங்கிலாந்து 2011 முதல் 18 வயது நிரம்பாதவர்களுக்கு மட்டும் கதவடைத்தது. 17 வயதில் நஞ்சாக இருப்பது 18-ல் மருந்தாகிவிடுமா? பிரேசில் 2009-லேயே அழகுக்கான இத்தொழிலை அடியோடு தடுத்தது. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா முதலிய ஆஸ்திரேலிய மாநிலங்கள் 2014 முடிவில் கடைகளை மூடின. மேற்கு ஆஸ்திரேலியா 2016-ல் பின்தொடர்ந்தது. கிளேர் ஆலிவர் மறைந்து ஏழாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. அப்போதும் அச்சட்டங்கள் தடுத்தது கடைகளைத்தான். சொந்த வீட்டில் பெட்டி வைத்துப் படுப்பவரை அவை தொடவில்லை.