பழைய ஜீப்புக்குப் பெரிய கார்புரேட்டர் எதுக்கு?

பழைய பெட்ரோல் வில்லீஸ் ஜீப் வாங்கும் நகரத்து நண்பர்கள் கேட்பது ஒன்றுதான்: "டபுள் பேரல் கார்புரேட்டர் மாட்டினா இழுவை கூடுமாமே?" மலையில கூடாதுங்க.

கணக்கு எளிது. ஹரிகேன் இன்ஜின் 2.2 லிட்டர். ரெண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுசா காற்று குடிக்கும். 4000 சுற்றில் ஓட்டினாலும் நிமிஷத்துக்கு 4400 லிட்டரைத் தாண்டாது. மிளகு மூட்டையோடு மலை ஏறும்போது நான் அதில் பாதிச் சுற்றுகூடத் தொடுவதில்லை. அந்த வேகத்தில் கார்புரேட்டரின் வாய் பெரிசா இருந்தா, காற்று மெதுவாப் போகும், பெட்ரோல் சரியாகக் கலக்காது, மிதிச்சதும் இன்ஜின் திக்கும். கொண்டை ஊசி வளைவில் வண்டி ஆஃப் ஆனா பின்னாடி பள்ளம்தான்.

பவரைப் பார்க்காதீங்க, சரிவைப் பாருங்க. வண்டி மூக்கைத் தூக்கும்போது ஃப்ளோட் கிண்ணத்தில் பெட்ரோல் ஒருபக்கம் சாயும். ஒண்ணு ஜெட்டுக்கு எட்டாது, இல்லேன்னா வழியும். அந்தச் சரிவிலும் ஐடிலிங் நிக்கணும்.

வாங்கும் முன்னாடி த்ராட்டில் தண்டை விரலால் ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இல்லையா, ரிப்பேர் கிட் போட்டுப் பாருங்க. ஆடினா அந்த வழியா காற்று நுழையும், கிட் உதவாது. அப்போ அதே அளவு ஒற்றைப் பேரல் வாங்குங்க. 20 சதவீத எத்தனாலைத் தாங்கும் ரப்பரான்னு கேளுங்க.

உங்க வண்டியைப் பார்த்து எங்க ஊர்ப் பையன்கள் கடன் வாங்கி டபுள் பேரல் மாட்டுறாங்க. அவங்க சுமை ஏத்தி இறக்கணும். தயவுசெய்து ஆசை காட்டாதீங்க.