சர்வாதிகாரியின் மனைவியும் குற்றவாளியா? யார் இந்த அஸ்மா அல்-அசாத்?

சிரியாவை 24 ஆண்டுகள் ஆண்ட பஷார் அல்-அசாத், 2024 டிசம்பர் 8 அன்று நாட்டைவிட்டே தப்பினார். மனைவி அஸ்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து ரஷ்யா தஞ்சம் கொடுத்தது. 'புருஷன் செஞ்சதுக்கு பொண்டாட்டி என்ன பண்ணுவா?' என்று கேட்கலாம். ஆனா, விஷயம் அவ்வளவு எளிதில்லை.

லண்டன் பெண்

அஸ்மா 1975ல் லண்டனில் பிறந்தவர். அப்பா இதய மருத்துவர். கிங்ஸ் கல்லூரியில் கணினி அறிவியல் படித்து, ஜேபி மோர்கன் வங்கியில் வேலை பார்த்தார். 2000ல் பஷார் அதிபரான சில மாதங்களிலேயே திருமணம். 2011ல் 'வோக்' இதழ் அவரைப் 'பாலைவன ரோஜா' என்று புகழ்ந்தது. சில வாரங்களில் சிரியாவில் போராட்டம் வெடித்தது. மக்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. அந்தக் கட்டுரையை வோக் தன் தளத்திலிருந்தே தூக்கிவிட்டது.

வெறும் மனைவி மட்டும்தானா?

2012ல் கசிந்த மின்னஞ்சல்கள், ஊர் எரியும்போது அஸ்மா ஆடம்பரப் பொருட்கள் வாங்கியதைக் காட்டின. அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. 2020ல் தடை விதித்த அமெரிக்கா, போரை வைத்து லாபம் பார்த்தவர் என்று அவரைக் குற்றம்சாட்டியது.

மற்றவர்களுக்கு என்ன ஆனது?

ருமேனியாவில் எலெனா சௌசெஸ்கு, கணவரின் ஆட்சியிலேயே துணைப் பிரதமர். 1989 டிசம்பர் 25ல் இருவரும் சேர்த்தே சுட்டுக் கொல்லப்பட்டனர். பிலிப்பைன்ஸின் இமெல்டா மார்கோஸ் மணிலா பெருநகர ஆளுநராக இருந்தவர். 2018ல் ஊழல் வழக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு செய்து ஜாமீனில் வெளியே இருந்தார். 2022ல் அவர் மகனே அதிபரானார்!

அப்போ, கணக்கு என்ன? இவர்கள் அதிகாரத்தின் பக்கத்தில் நின்றவர்கள் மட்டுமல்ல, அதில் பங்கு வாங்கியவர்கள். ஆனா தண்டனையைத் தீர்மானித்தது குற்றத்தின் அளவு அல்ல. ஆட்சி கவிழ்ந்த பிறகு யார் கையில் சிக்கினார்கள், யார் அடைக்கலம் கொடுத்தார்கள் என்பதுதான்.

இப்போது அஸ்மா?

2024 மே மாதம் அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று அதிபர் அலுவலகம் அறிவித்தது. பிரிட்டன் குடியுரிமை இருந்தும், அவருக்கு இங்கே வரவேற்பு இல்லை என்று அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் சொல்லிவிட்டார். ரஷ்யா ஒப்படைக்காதவரை அவரை நீதிமன்றத்தில் நேரில் நிறுத்துவது கடினம்.

அசாத் ஓடிய மறுநாளே செட்னயா சிறை வாசலில் கூட்டம் கூடியது. காணாமல்போன கணவரை, மகனை, அண்ணனைத் தேடி வந்த பெண்களும் அதில் இருந்தார்கள். சிரியாவில் காணாமல்போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அந்த மனைவிகளுக்குத் தஞ்சமும் இல்லை, பதிலும் இன்னும் வரவில்லை.