வல்வெட்டித்துறை மகாஜனங்களுக்கு ஒரு விண்ணப்பம்

வல்வெட்டித்துறையிலும் அதனைச் சூழ்ந்த வடமராட்சிக் கிராமங்களிலும் வாழும் தாய்மார், தந்தையர், ஆசிரியர், ஆலய பரிபாலகர், சனசமூக நிலையத்தார், விளையாட்டுக் கழகத்தார் ஆகிய சகலருக்கும், இவ்வூர்ப் பிரஜைகளாகிய நாங்கள் கூடி எழுதிக்கொள்ளும் விண்ணப்பமாவது:

ஹெரோயின் எங்கள் பிள்ளைகளைத் தீண்டாது என்று எண்ணியிருந்த காலம் கழிந்துவிட்டது. 2022ஆம் ஆண்டில் குடாநாட்டு இளைஞர் சிலர் ஹெரோயினால் உயிரிழந்த செய்திகளைப் பத்திரிகைகளில் வாசித்தோம், பெருமூச்செறிந்தோம், பின்பு அவர்களைப் பற்றித் தாழ்ந்த குரலில் மட்டுமே பேசினோம். அந்தப் பொருள் எவ்வழியால் வருகிறது, யார் கொண்டுவருகிறார் என்ற விசாரணையைப் பொலிஸாரும் நீதிமன்றமும் நடத்தட்டும். கடத்தலைக் கண்டிக்கும் மேடைகளுக்கும் ஊரிலே குறைவில்லை. நாங்கள் பேச வந்தது மயங்கி விழுந்தவனின் சுவாசம் தடுமாறத் தொடங்கியது முதல் நின்றுபோவது வரையுள்ள சில நிமிடங்களைப் பற்றியே.

அபினிலிருந்து பிறந்த மோர்பினும் ஹெரோயினும், அவ்வினத்தைச் சேர்ந்த செயற்கை மாத்திரைகளும் மூளையிலே சுவாசத்தை நடத்தும் பகுதியை மந்தமாக்குகின்றன; ஆதலால் அளவு மீறியவன் பெரும்பாலும் துடித்து மாள்வதில்லை, மூச்சு அடங்கி மாள்கிறான். 'பெடியன் அசந்து நித்திரை' என்று வீட்டார் கதவைச் சாத்திவிட்டுப் போவதற்கு அந்த அமைதியே காரணம். தொண்டையில் குறட்டை போன்ற கரகரப்பும், நீலம் பாரித்த உதடும் நகமும், குண்டூசி முனையளவாய்ச் சுருங்கிய கண்மணியும், உரத்து அழைத்தும் நெஞ்செலும்பை முட்டியால் அழுத்தித் தேய்த்தும் விழியாத நிலையும் தென்படின் அது நித்திரையன்று. சில காலம் விட்டிருந்து மீண்டும் தொட்டவனுக்கு, அதாவது மறியலிலிருந்தோ புனர்வாழ்வு நிலையத்திலிருந்தோ திரும்பி வந்தவனுக்கு, அபாயம் மிக அதிகம்; பழைய அளவைத் தாங்கும் சக்தி அவன் சரீரத்தை விட்டு நீங்கியிருக்கும்.

இதற்கு மாற்றுமருந்து உண்டு. நலொக்சோன் என்னும் ஔஷதத்திற்கு 1961ஆம் ஆண்டிலே காப்புரிமை கோரப்பட்டது. 1983 முதல் அது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. மூளையில் ஹெரோயின் பற்றியிருக்கும் இடத்திலிருந்து அதனைத் தள்ளிவிட்டு, தான் அங்கே அமர்ந்து, இரண்டு மூன்று நிமிஷத்தில் மூச்சை மீளச் செய்யும் இம்மருந்து போதை தருவதுமில்லை, பழக்கமாவதுமில்லை. அபினினம் உடலில் இல்லாதவனுக்குத் தவறிக் கொடுத்தாலும் தீங்கு செய்யாது. 'ஐஸ்' முதலிய வேறினப் போதைப்பொருள்களின் மயக்கத்தை அது தீர்க்காது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இதனை ஆக்கியவர்களுள் ஒருவரான ஜாக் ஃபிஷ்மனின் வளர்ப்பு மகனே 2003இல் ஹெரோயின் மிகையால் இறந்தான் என்பது, மருந்து உலகில் இருப்பது வேறு, வேண்டிய வீட்டில் வேண்டிய கணத்தில் இருப்பது வேறு என்று அறிவதற்குப் போதுமானது.

இந்த வித்தியாசத்தை உணர்ந்தே, அருகில் இருக்கக்கூடிய சாதாரண மனிதர் கையிலும் இம்மருந்து இருக்கவேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2014இல் விதந்துரைத்தது. ரொறன்ரோவிலுள்ள எங்கள் உறவினர் 2016 முதல் ஒன்ராறியோ மாகாணத்துப் பாமசிகளில் இதனை இலவசமாகப் பெறலாம். மூக்கிலே விசிறும் வகையும் அங்கே உண்டு. உதவிக்கு அழைத்தவனையும் வீழ்ந்தவனையும், தம்மிடம் போதைப்பொருள் வைத்திருந்த குற்றத்திற்காக வழக்கில் மாட்டாது காக்கும் சட்டமொன்றைக் கனடா 2017இல் இயற்றியது. நமக்கோ நலொக்சோன் இன்னும் வைத்தியசாலைக்குள் ஊசிமூலம் ஏற்றப்படும் மருந்தாகவே பரிச்சயமாயிருக்கிறது.

ஆகவே மருந்து கைக்கு வரும்வரை செய்யவேண்டியதை இங்கே சொல்கிறோம். 1990ஐ அழையுங்கள், அந்த இலவச அம்புலன்ஸ் 2018 முதல் வடமாகாணத்திலும் ஓடுகிறது. மூச்சில்லை என்று முதலில் சொல்லுங்கள். மற்றக் கதையெல்லாம் பின்பு. தலையைப் பின்சாய்த்து, நாடியை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, ஐந்து செக்கனுக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். தானே மூச்செடுப்பானாயின் ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்தி, அகலாதிருங்கள். தேசிக்காய்ச் சாறும், உப்புத்தண்ணீரும், மோரும் வேண்டாம். நினைவற்றவன் வாயில் ஊற்றுவது நுரையீரலுக்குள் போகும். மருந்தினால் எழுந்தவனையும் தனியே விடலாகாது. நலொக்சோனின் வீரியம் அரைமணி முதல் ஒன்றரை மணி நேரத்துள் தணிந்துவிட, உள்ளே எஞ்சிய ஹெரோயின் மறுபடி மூச்சை அடக்கக்கூடும். எழுந்தவன் வாந்தியெடுப்பான், ஒருவேளை வைவான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆயினும் எங்களை வருத்துவது அறியாமையைக் காட்டிலும் மானமே. அம்புலன்ஸ் ஒழுங்கைக்குள் வந்தால் அயலவர் அறிவர், சகோதரியின் கலியாணம் குழம்பும், பொலிஸ் வரும் என்று கணக்குப் பார்த்து, சிநேகிதர் ஒருவனைப் படலையில் கிடத்திவிட்டு ஓடுவதும், பெற்றோர் விடியும்வரை காத்திருப்பதும் நடக்கக்கூடியவையே. இவ்வூரில் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது என்று பெருமை பேசும் எங்களுக்கு, கடலில் விழுந்தவனைத் தூக்குமுன் ஏன் விழுந்தாய் என்று கேட்கும் வழக்கம் ஒருபோதும் இருந்ததில்லை.

ஊரணி வைத்தியசாலையிலும் பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையிலும் இம்மருந்து எந்நேரமும் இருப்பில் இருக்கவும், அம்புலன்ஸ் ஊழியரும் பயிற்சி பெற்ற குடும்பத்தாரும் அதனை வைத்திருக்கவும், உதவிக்கு அழைப்போருக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைக்கவும் சுகாதார அமைச்சையும் மக்கள் பிரதிநிதிகளையும் கேட்கும் மனுவில் நீங்கள் கையொப்பமிட வேண்டுகிறோம். சிகிச்சைக்கு ஆலோசனை வேண்டுவோர் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை 1927 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். ஒவ்வொரு சனசமூக நிலையமும் விளையாட்டுக் கழகமும் இருவரையேனும் சுவாசமூட்டும் பயிற்சிக்கு அனுப்புக. தாய்மார் தனியாகவும் வரலாம். ஏன் வந்தீர்கள் என்று அவர்களை நாங்கள் கேட்கமாட்டோம்.

இங்ஙனம்,
வல்வெட்டித்துறைப் பிரஜைகள்