ஏணி எங்கே, முதலாளி?

மேஜை துடைத்தவர் முதலாளி ஆன கதை என்றால் நமக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் உலகம் முழுக்க வலைவீசிப் பிடித்து வருகிறார்கள். சார்லி பெல் கதை தெரியுமோ? சிட்னியில் 15 வயதில் மெக்டொனால்ட்ஸில் பார்ட் டைம் வேலைக்குச் சேர்ந்த பையன். 19 வயதில் கடை மேனேஜர். 2004-ல் மொத்தக் கம்பெனிக்கும் தலைமை நிர்வாகி. "பார்த்தியா, உழைச்சா உயரலாம்!" சுபம்.

உழைத்தார், சரி. நம்ம ஊர் கிளீனர் உழைக்கவில்லையா? விடியுமுன் எழுந்து, ராத்திரி கடைசி டேபிளைத் துடைத்து, தரையைக் கழுவிவிட்டு, அதே டேபிள்களைச் சேர்த்துப் போட்டுத் தூங்குகிறவன். உழைப்பு மட்டும் போதுமென்றால் சென்னையில் பாதி ஹோட்டல் அவன் பேரில் இருக்க வேண்டுமே!

கதையில் விட்டுப்போன பாதியைக் கேளுங்கள். கடை நடத்தச் சொல்லித் தருவதற்கென்றே அந்தக் கம்பெனி 1961-ல் ஒரு பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தது. பெயர் ஹாம்பர்கர் யுனிவர்சிட்டி. சிரிக்காதீர்கள். வேலையை எழுதிவைத்துச் சொல்லித் தந்தார்கள். அதனால் நேற்று சேர்ந்தவனும் அடுத்த படி எது என்று பார்க்க முடிந்தது. (தர்மப் பிரபுக்கள் என்று சொல்லவில்லை. 2012-ல் நியூயார்க்கில் துரித உணவுக் கடைத் தொழிலாளர்கள் மணிக்கு 15 டாலர் கேட்டுத் தெருவில் இறங்கினார்கள்.)

இங்கே? சரக்கு மாஸ்டர் பொடி அளவைச் சொல்லமாட்டார். சொன்னால் தன் வேலை போய்விடுமோ என்று பயம். அந்தப் பயம் சும்மா வந்ததா என்ன? கிளீனர் சப்ளையர் ஆக, யாராவது கோபித்துக்கொண்டு ஊருக்குப் போக வேண்டும். கல்லாவிலோ முதலாளியின் மச்சான்!

நான் பி.காம். படித்தவன். கணக்காகவே கேட்கிறேன். 20 பேர் வேலை பார்த்தால் பி.எஃப். கட்டணும். வாரத்துக்கு ஒருநாள் லீவு தரச் சொல்லி, ஹோட்டல் தொழிலாளர்களுக்கென்றே மெட்ராஸ் ராஜ்யத்தில் 1958-ல் தனிச்சட்டம் வந்தது. எத்தனை ஹோட்டலில் ரிஜிஸ்டரில் எல்லார் பெயரும் இருக்கிறது? பெயரே இல்லாதவன் மூணு வருஷம் இலை எடுத்தாலும், அடுத்த ஹோட்டல் வாசலில் புது ஆள்தான். அனுபவத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. கடைசியில், "ஆளே நிக்க மாட்டேங்கிறான் சார்!" என்று ஒப்பாரி.

அடுத்த தடவை கல்லாவில் அந்த ஒப்பாரி கேட்டால், மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டே விசாரியுங்கள்: "உங்க கடையில கிளீனரா சேர்ந்தவர் யாராவது இப்ப சூபர்வைசரா இருக்காரா, சார்?"